இன்னொருவரின் கரும்பலகை

என் மகள் சனிக்கிழமைகளில் நடனம் படிப்பிக்கிறாள். ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். தட்டுக்கழியையும் ஒலிபெருக்கியையும் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போகிற உத்தியோகம் எனக்கு. ஓய்வுபெற்ற தகப்பன்மாருக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. போன மாதம் ஒரு நாள், மேசை கதிரைகளைச் சுவரோரம் தள்ளுவதற்கு முன்னால், அவள் கைத்தொலைபேசியை எடுத்து அறையின் மூலை முடுக்கெல்லாம் படம் பிடித்தாள்.

"இதென்ன பிள்ளை, வெறும் கதிரையளைப் படம் பிடிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அப்பா, போகேக்க எல்லாம் இருந்த மாதிரியே வைக்கோணும். இல்லாட்டி நெக்ஸ்ற் வீக் ரூம் தரமாட்டினம்."

சொல்லிவிட்டு அவள் சலங்கை கட்டப் போய்விட்டாள். நான் அங்கே இருந்த ஒரு சின்னக் கதிரையில் குந்தினேன். வார இறுதிப் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு மணம் உண்டு. தரை மெழுகு, காயாத கையுறை, யாரோ மேசைக்குள் மறந்துபோன வாழைப்பழம். அதெல்லாம் அப்படியே வந்தது. வெண்கட்டித் தூசியின் மணம் மட்டும் வரவில்லை. சுவரில் இருந்தது பளபளவென்ற வெள்ளைப் பலகை. அதற்கு ஒரு மணமும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. ஏனென்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் நான் ஒரு யப்பானியப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். இதை ஒருவரும் எடுத்தவுடன் நம்புவதில்லை. கலியாணம் பேசிய காலத்தில் என் மனைவியே இவர் நன்றாக அளக்கிறார் என்றுதான் நினைத்தாளாம். ரோக்கியோவில் அல்ல, இதே ரொறன்ரோவில்தான். யப்பான் கொம்பனிகள் தங்கள் ஆட்களைக் குடும்பத்தோடு இரண்டு மூன்று வருடத்துக்கு இங்கே அனுப்பும். அவர்களுடைய பிள்ளைகள் வார நாட்களில் கனடாப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். திரும்பிப் போகும்போது ஊர்ப் பாடத்தில் பின்தங்கிவிடக்கூடாது என்று சனிக்கிழமைகளில் முழு நாளும் யப்பானியப் பள்ளிக்கூடம். அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கனடாப் பள்ளிக்கூடம் ஒன்று சும்மா கிடக்கிற அந்த ஒரு நாளைக்கு அதை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள்.

நான் அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில், பதின்மூன்றாம் மாடியில், குணம் அண்ணையோடு ஓர் அறையில் இருந்தேன். நகரத்தின் நடுவில் ஒரு யப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஊரில் ஏழு வருடம் கணிதம் படிப்பித்தவன் என்று வேலை விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். கோப்பை கழுவ வந்தவன் அதை எதற்கு எழுதினாய் என்று கேட்காதீர்கள். அதைவிட்டால் என்னைப் பற்றி எழுத வேறொன்றும் இருக்கவில்லை. முதலாளியின் மனைவி அதைப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமைப் பள்ளியில் அவர்களுக்கு ஒரு சிக்கல். பிள்ளைகள் கணக்கில் சூரர்கள், ஆனால் வார நாட்களில் ஆங்கிலத்தில் வருகிற வசனக் கணக்கை வாசித்து விளங்கமுடியாமல் திண்டாடுகிறார்கள். கணிதமும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒரு நாள் அவர் சமையலறைக்குள் வந்து, நுரை முழங்கை வரை ஏறியிருந்த என்னிடம், படிப்பிக்க விருப்பமா என்று கேட்டார். நான் சொன்ன ஓம் அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

குணம் அண்ணை மட்டும் சும்மா விடவில்லை. அவர் பீட்சாக் கடையில் வேலை செய்தவர். கனடாவைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவருடைய எண்ணம்.

"உந்த யப்பான்காரருக்கு உன்ர இங்கிலீசு விளங்குமே? எனக்கே உன்ர தமிழ் சில நேரம் விளங்கிறேல்லை," என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை வேலையால் வந்ததும் என் சேட்டை வாங்கித் தானே இஸ்திரி போட்டுத் தந்தார்.

அந்தச் சனிக்கிழமைப் பள்ளியின் உப அதிபர் நகாமுரா என்றொரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, சாம்பல் நிறக் கோட். "முதலிலை ஒரு மாதம் பாப்பம்," என்றுதான் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு காலத்துக்குப் பிறகு என் ஞாபகத்தில் நகாமுரா ரீச்சர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். நான் என்ன செய்ய? ஒரு மாதம் பார்ப்போம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் அன்றைக்கே அம்மாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன், திரும்பவும் படிப்பிக்கத் தொடங்கிவிட்டேன் என்று. கொழும்பு சுற்றி அது ஊர் போய்ச் சேர இரண்டு மாதமாவது எடுக்கும். அதற்குள் நான் அந்தக் கடிதத்தை உண்மையாக்கிவிட வேண்டும்.

முதல் சனிக்கிழமை நவம்பர் குளிரில் போய் இறங்கினேன். வாசலில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கனடாவில் முதன்முதலாக என்னைப் போல ஆட்கள்! குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன், காலுறையையும் கழற்றி அதற்குள் சுருட்டி வைத்தேன், காற்சட்டையின் கீழ்ப்பக்கத்தை ஒரு மடிப்பு மடித்தேன். நல்லூர் வாசலில் நிற்கிறவன் மாதிரி வெறுங்காலோடு நிமிர்ந்து பார்த்தால், மற்ற எல்லோரும் பையிலிருந்து வெள்ளைச் சப்பாத்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். உள்ளே போடுவதற்கென்று தனிச் சப்பாத்து! நகாமுரா ரீச்சர் என் பத்து விரல்களையும் ஒருதரம் பார்த்தார். விருந்தாளிகளுக்கு வைத்திருக்கிற செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அது என் குதியை வெளியே விட்டுவிட்டது. அன்று முழுக்க நான் விரல் நுனியால் நடந்தேன்.

"சென்செய்!" என்று விறாந்தையில் ஒரு குரல் கேட்டது. நான் வழிவிட்டு ஒதுங்கினேன். திரும்பவும் "சென்செய்!" யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சென்செய் என்றால் ஆசிரியர். என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். உணவகத்தில் எனக்குப் பெயர் "ஏய்"; கொஞ்சம் அன்பான நாட்களில் "ஹலோ". ஊரில் மாஸ்ரர் என்று கூப்பிட்டால் நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கைகாட்டிவிட்டுப் போகிற ஆள். இங்கே அந்த ஒரு சொல்லை இன்னொருதரம் சொல்லமாட்டார்களா என்று காத்து நின்றேன். இந்த வேலை எனக்கு வேண்டும், எப்படியாவது வேண்டும் என்று அந்த விறாந்தையில் நின்று நினைத்தேன்.

வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள், பத்துப் பதினொரு வயதுக்காரர். எழுந்து நின்று இடுப்பை மடித்து வணங்கினார்கள். நானும் மடித்தேன். அவர்கள் நிமிர்ந்த பிறகும் நான் குனிந்தே நின்றதாக நகாமுரா ரீச்சர் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு அவர் பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். சில்லுப் பூட்டிய சின்ன வெள்ளைப் பலகை ஒன்றைத் தானே தள்ளிக்கொண்டு வந்து தந்தார். நான் அதில் எழுதிப் படிப்பித்தேன். பாடத்துக்கு முன்பு எனக்கு நிறையச் சொன்னார். இது எங்கள் வகுப்பறை அல்ல. மேசைக்குள் கை வைக்கக்கூடாது. சுவரில் இருப்பதைத் தொடக்கூடாது. கரும்பலகையைத் தொடவே கூடாது. திங்கட்கிழமை காலையில் வருகிற ஆசிரியருக்கு, இங்கே ஒருவரும் வந்துபோனது தெரியக்கூடாது. நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன்.

அதற்கு அவர்கள் வைத்திருந்த முறையை அன்றுதான் கண்டேன். வகுப்புத் தொடங்குமுன் அன்றைய முறைக்காரப் பிள்ளை அறையைச் சுற்றிவந்து ஒரு தாளில் வரையும். எந்தக் கதிரை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, எந்த மேசையில் பென்சில் பெட்டி திறந்து கிடக்கிறது, யன்னல் திரை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். மாலையில் கூட்டித் துடைத்து, அந்தத் தாளைப் பார்த்துத் திறந்து கிடந்த பென்சில் பெட்டியைத் திரும்பவும் திறந்து வைத்துவிட்டுப் போவார்கள். கூட்டித் துடைப்பதில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு. கிழமை முழுக்கத் துடைக்கிறவன் ஒரு நாளாவது அதிலிருந்து தப்பலாம் என்று வந்தால், கையில் ஒரு துணியைத் தந்துவிட்டார்கள். "அப்ப கோப்பை காணாதெண்டு பள்ளிக்கூடமும் கழுவத் துவங்கியிட்டாய்," என்று குணம் அண்ணை சந்தோசப்பட்டார்.

மணங்களைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு ஆசிரியர் அறை மதியச் சாப்பாட்டை விடமுடியாது. எல்லோரும் அளவெடுத்து அடுக்கின மாதிரிப் பெட்டிகளைத் திறந்தார்கள். என்னிடம் குணம் அண்ணை கட்டித் தந்த புட்டும் மாசிச் சம்பலும். மாசிக் கருவாட்டின் மணம் உங்களுக்குத் தெரியும். மூடியைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்கும் தெரியும். திறப்பதா, பட்டினி கிடப்பதா என்று யோசித்துக்கொண்டே மெல்லத் திறந்தேன். நகாமுரா ரீச்சர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கினார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து என் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "உது எங்கட ஊர் மீனெல்லோ!" என்றார். அவர்களும் அதே மீனை அவித்துப் புகையில் காயவைத்துச் சீவிச் சமைக்கிறவர்கள்தான். கிழமை முழுக்க அந்த மீனவித்த பாத்திரங்களைக் கழுவியவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு கரண்டிச் சம்பலை அவர் எடுத்துப் போனார், உறைப்பில் கண்ணீர் வழிய வழிய முழுவதையும் சாப்பிட்டார்.

இரண்டாம் சனிக்கிழமை நகாமுரா ரீச்சர் என்னோடு வரவில்லை. தனியே வகுப்பு. பிள்ளைகள் எழுந்து வணங்கினார்கள். நான் அளவாகக் குனிந்து நிமிர்ந்தேன். பிறகு திரும்பி, கரும்பலகையின் கீழ்த் தட்டில் இருந்த டஸ்ரரை எடுத்து, பலகை முழுவதையும் அழித்தேன்.

ஏன் என்று கேட்டால், கை. ஏழு வருடம் ஒவ்வொரு பாடத்தையும் அப்படித்தான் தொடங்கினேன். முன்னால் வந்துபோன ஆசிரியரின் எழுத்தை மேலிருந்து கீழாக, கோடு பிசகாமல் அழித்து, வலப்பக்க மூலையில் திகதி போட்டால்தான் எனக்கு வாய் திறக்கும். சுத்தமாக அழிப்பதில் ஊரில் எனக்கு ஒரு பெயரே இருந்தது. ஆகவே, பின்னால் பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டபோது, என் கைத்திறமையைத்தான் வியக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெருமையில் மூலையில் திகதியை வேறு எழுதினேன். சில்லுப் பலகை மூலையில் நின்றுகொண்டிருந்தது. பாடம் முழுக்க ஒரு சத்தமில்லை. என்ன அருமையான பிள்ளைகள் என்று நினைத்தேன்.

மாலை துப்புரவு நேரம். நான் யன்னல் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் எல்லோரும் கரும்பலகையில் நின்று கலர் வெண்கட்டியால் கீறிக்கொண்டிருக்கிறார்கள். "ஏய், விளையாட்டு வேண்டாம்!" என்று அதட்டிக்கொண்டு கிட்டப் போனேன். அன்றைய முறைக்காரி மியுகி, இரட்டைப் பின்னல், வகுப்பிலேயே சின்னப் பிள்ளை. தன்னுடைய தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் மற்றவர்களுக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தாள். தாளில் ஒரு மரம். கரும்பலகையிலும் அதே மரம் பாதி எழும்பியிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் நான் அழித்தது அந்த மரத்தைத்தான். இலையுதிர்கால மரம், ஒவ்வொரு இலையிலும் வார நாட்களில் அங்கே படிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் பெயர். அதன் பக்கத்தில் வாராந்த நேரசூசி, கீழே ஒரு பெட்டிக்குள் ஒரு பெருக்கல் கணக்கு.

மியுகியின் சின்னத் தாளில் அவ்வளவு பெயர்களையும் எழுத இடமிருக்கவில்லை. ஆனால் மேசைகளில் பெயர் ஒட்டியிருந்தது. சனிக்கிழமைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாம் இருக்கிற மேசைக்காரரை முகம் காணாமலே அறிந்திருந்தார்கள். அவரவர் மேசைக்காரரின் இலையை அவரவரே எழுதினார்கள். மிச்ச மேசைகளையும் ஓடி ஓடிப் பார்த்துப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஆங்கிலம் வாசிக்க வராத பிள்ளைகள் அந்த எழுத்துகளைப் படம் மாதிரி வரைந்தார்கள், சாய்வு கூடப் பிசகாமல். ஆசிரியர் பிழைவிட்டால் அதை அவருக்குச் சொல்லக்கூடாது, அவருக்காகச் சரிசெய்துவிட வேண்டும் என்று அவர்கள் தங்களுக்குள் முடிவெடுத்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. நான் மரத்தின் அடிப்பக்கத்துக்கு மண்ணிற வெண்கட்டி பூசினேன். அதற்கு மட்டும்தான் என்னை விட்டார்கள்.

நகாமுரா ரீச்சர் வந்து வாசலில் நின்றார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அழிச்சிட்டியளோ?"

"ஓம்."

அவர் சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னார், முன்பு வேறொரு கட்டடத்தில் இருந்தோம், ஒரு பிள்ளை வகுப்பு உலக உருண்டையை இடம் மாற்றி வைத்துவிட்டது, அதை வைத்தே எங்களை வெளியேறச் சொன்னார்கள், மாதக்கணக்காகப் பள்ளிக்கூடம் இல்லாமல் இருந்தோம் என்று. "இன்னொருக்கா அப்பிடி நடந்தால் எங்களுக்குப் போக இடமில்லை." தாளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார். இனி என் வேலை மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகள் எல்லோருடைய பள்ளிக்கூடமும் என் கையில் இருந்த அந்த டஸ்ரரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். பிள்ளைகள் போய்விட்டார்கள், மியுகி மட்டும் கதவடியில் நின்றாள். விளக்கை அணைக்கக் கை வைத்தவன் பலகையைக் கடைசியாக ஒருதரம் பார்த்தேன். பெட்டிக்குள் இருந்த பெருக்கல்: நாற்பத்தேழு தர ஆறு இருநூற்று நாற்பத்திரண்டு. பிழை! மேலே கொண்டுபோக வேண்டிய நாலைக் கூட்டாமல் விட்டிருக்கிறது. அவசரத்தில் பிள்ளைகள் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"சென்செய், அது அப்பிடித்தான் இருந்தது," என்றாள் மியுகி. தாளையும் காட்டினாள்.

தாளிலும் அப்படித்தான் இருந்தது. அப்படியென்றால் திங்கட்கிழமை ரீச்சரே பிழைவிட்டிருக்கிறார், பாவம். கணக்கு வாத்தி ஒருவன் பலகையில் ஒரு பிழையான கணக்கை விட்டுவிட்டு எப்படிக் கதவைப் பூட்டுவான்? உங்களால் முடியுமா? நடுவில் இருந்த நாலை விரலால் அழித்து, எட்டுப் போட்டேன். இருநூற்று எண்பத்திரண்டு. மியுகி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் அவளுக்கு ஒரு நல்லது செய்து காட்டிய பெருமையில் விளக்கை அணைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், உணவகத்தில் கோப்பைகள் மலையாகக் குவிந்திருந்த நேரம், முதலாளி தொலைபேசியை நீட்டினார். நகாமுரா ரீச்சர்.

"நாளைக்குப் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாங்கோ. கோட் போட்டுக்கொண்டு வாங்கோ."

என்னிடம் கோட் இல்லை. குணம் அண்ணையின் கலியாணக் கோட் ஒன்று இருந்தது, ஊரிலிருந்து கொண்டுவந்தது, இங்கே ஒருநாளும் போடாதது. அதைத் தட்டி எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். கை நீளம் பத்தாது. "கையை முன்னாலை நீட்டாமல் நில்," என்றார். பிறகு பகிடியை விட்டுவிட்டு, "வேலை போனால் போகட்டுமடா. கோப்பையள் எங்க போகப்போகுது," என்றார். ஆறுதலுக்குத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

பஸ் தரிப்பிடத்தில் நகாமுரா ரீச்சர் காத்திருந்தார். அதே சாம்பல் கோட், கையில் அழகான தாள் சுற்றிய இனிப்புப் பெட்டி. போகிற வழியில் ஒரே ஒரு வார்த்தைதான்: "நான் கதைக்கிறன். நீங்கள் குனியுங்கோ."

திங்கட்கிழமை ரீச்சரின் பெயர் மிசிஸ் டொனலி. சிவப்பு முடி, பெரிய உடம்பு, கையெல்லாம் வெண்கட்டி. நகாமுரா ரீச்சர் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி இடுப்பளவு குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் சொன்னார்: "இது என்ர பிழை. புது ஆசிரியருக்கு நான் வடிவாச் சொல்லிக்குடுக்கேல்லை."

குனிந்தபடியே நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் எனக்கு வடிவாகத்தான் சொன்னவர். எங்கள் ஊரில் எத்தனையோ அதிபர்களுக்குக் கீழே வேலை செய்திருக்கிறேன். நல்லவர்களும் இருந்தார்கள். தன் கீழே வேலை செய்கிறவனுடைய பிழையைத் தன் பிழை என்று சொல்லி இன்னொருவர் முன்னால் குனிந்த ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. இந்த வேலை இன்றோடு போனாலும் பரவாயில்லை, இந்த மனுசிக்குக் கீழே இரண்டு கிழமை வேலை செய்தேன் என்பது போதும் என்று நினைத்தேன்.

மிசிஸ் டொனலிக்கு எங்களை எப்படி நிமிர்த்துவது என்று தெரியவில்லை. "ஐயோ, நிமிருங்கோ, நிமிருங்கோ. நான் கோவத்தில கூப்பிடேல்லை," என்றார். பிறகு கதையைச் சொன்னார். அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேண்டுமென்றே ஒரு பிழையான கணக்கைப் பலகையில் எழுதிவிட்டுப் போவாராம். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வந்து பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் திங்கட்கிழமை வகுப்பு முழுவதும் அரை மணித்தியாலம் தேடியிருக்கிறது. கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு பெட்டை கையை உயர்த்தி, மிஸ், நீங்கள் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள், இதில் பிழையே இல்லை என்றிருக்கிறாள். அப்போதுதான் இவர் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறார். அந்த எட்டு அவர் எழுதிய எட்டு அல்ல. இன்னும் கொஞ்சம் பார்த்தால், மரமும் அவருடைய மரம் அல்ல.

ஆக, அந்தப் பிள்ளைகள் ஒரு பிழையையும் விடவில்லை. பிழையைக்கூடப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். நான் திருத்தியதால்தான் பிடிபட்டோம். நகாமுரா ரீச்சர் என் பக்கம் திரும்பினார். கணக்கைத் திருத்திய விசயம் அவருக்கே அப்போதுதான் தெரியும். அவருடைய உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்குகிறார்.

"நான் இந்த அறையில அஞ்சு வருசமாப் படிப்பிக்கிறன்," என்றார் மிசிஸ் டொனலி. "சனிக்கிழமையில ஆரோ வருகினம் எண்டு சொன்னவை. நான் நம்பேல்லை. ஒரு கதிரைகூட அசைஞ்சிருக்காது. ஒருத்தரும் வாறேல்லை எண்டுதான் நினைச்சன்."

நகாமுரா ரீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இந்த உலகத்தில் கிடையாது. ஆனால் மிசிஸ் டொனலி அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அவருடைய குரல் கவலையாக இருந்தது. ஐந்து வருடமாகத் தன் அறையில் பிள்ளைகள் வந்து இருந்து போயிருக்கிறார்கள், அவர்களைத் தான் அறியவே இல்லையே என்ற கவலை. இரண்டு பேருக்கும் நடுவில் கை பத்தாத கோட்டோடு நின்ற எனக்கு இரண்டுமே விளங்கியது. இன்னொருவருடைய இடத்தில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போவது எப்படி என்று எனக்கும் இந்த நாடு அப்போது படிப்பித்துக்கொண்டுதான் இருந்தது.

"இந்த மேசையில ஆர் இருக்கிறது?" என்று மிசிஸ் டொனலி ஒவ்வொரு மேசையாகக் கேட்டார். நான் பெயர் சொன்னேன். கடைசியில் கரும்பலகையின் வலப்பக்கக் கீழ் மூலையில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறி, இது இனிமேல் சனிக்கிழமைக்காரருக்கு என்றார். அவருடைய பிள்ளைகள் வெள்ளிக்கிழமை அதில் ஒரு பிழையான கணக்கு வைப்பார்கள், எங்கள் பிள்ளைகள் பிழையைக் கண்டுபிடித்துவிட்டு, திங்கட்கிழமைக்கு ஒன்று வைக்க வேண்டும். நகாமுரா ரீச்சர் ஒரு கிழமை முழுக்க யோசித்துத்தான் சம்மதித்தார். என்னுடைய ஒரு மாதத்தைப் பற்றி அவர் பிறகு வாயே திறக்கவில்லை. அன்றைக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில், "அடுத்த வருசத்துக்கு உங்களுக்கு என்னென்ன புத்தகம் வேணும்?" என்று மட்டும் கேட்டார். அம்மாவுக்கு எழுதிய கடிதம் அந்த பஸ்ஸில்தான் உண்மையானது.

கஷ்டப்பட்டது பிள்ளைகள்தான். பிழை கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். வேண்டுமென்றே ஒரு பிழையை எழுதி, அதையும் இன்னொருவரின் பலகையில் விட்டுவிட்டுப் போவது அவர்களுக்குக் களவு எடுக்கிற மாதிரி. மியுகி வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்பாள். எழுதுவாள், என்னைப் பார்ப்பாள், நான் எழுது எழுது என்று கைகாட்டுவேன். திங்கட்கிழமைப் பிள்ளைகள் கண்டுபிடித்துச் சிரிக்கிற முகம் ஒன்றை வரைந்து வைத்திருந்தால், அடுத்த சனிக்கிழமை அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மனம் ஆறும். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் ஒருநாளும் காணவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மார்ச் மாதத்தில் மியுகியின் தகப்பனுக்கு ஊருக்கு மாற்றம் வந்தது. கடைசிச் சனிக்கிழமை அவளே முறைகேட்டு நின்று மூலைக் கணக்கை எழுதினாள். எண்பத்தாறு தர ஏழு அறுநூற்றிரண்டு. அன்றைக்கு அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் தட்டிக்கொண்டு, வணங்கிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை போனால் சிரிக்கிற முகம் இல்லை. எவ்வளவோ தேடினோம், பிழை கிடைக்கவில்லை, சொல்லிவிடுங்கள் என்று திங்கட்கிழமைப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். நான் செய்து பார்த்தேன். சரியான கணக்கு. போகிற அன்றைக்கு இன்னொருவரின் அறையில் ஒரு பிழையை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. நான் மிசிஸ் டொனலிக்கு அதைச் சொல்லியனுப்பினேன். அந்த மூலையை யூன் மாதம் வரைக்கும் அவர் ஒருவரையும் அழிக்கவிடவில்லை.

மிசிஸ் டொனலி ஓய்வுபெற்றுப் போனார். நகாமுரா ரீச்சர் ஊருக்குத் திரும்பினார்; புதுவருடத்துக்கு ஓர் அட்டை வரும், பிறகு அதுவும் நின்றுவிட்டது. குணம் அண்ணை இப்போது இல்லை. கொம்பனிகள் ஆட்களை அனுப்புவது குறைந்தது, சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் வேறெங்கோ மாறியது, நான் வேறு வேலைக்குப் போனேன். அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்; ஒரே மாதிரியான மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. போன கிழமை அந்தப் பக்கத்தால் பஸ்ஸில் போனேன். மரமும் மேசைகளும் எந்த இடத்தில் இருந்தன என்றுகூட மட்டுக்கட்ட முடியவில்லை. எண்பத்தாறு தர ஏழு என்ற கணக்கை மனதுக்குள் ஒருதரம் செய்து பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.